ரசமட்டத்தின் மாத்திரை

பன்னிரண்டு வயதில் மண் சட்டி தூக்க வந்து, இருபத்தைந்தில் கொத்தனாராகி, நாற்பதில் மேஸ்திரியாக நிமிர்ந்தவர். மட்டம் பார்க்கும் கருவி இல்லாமலே சுவரின் கோணலைக் கண்ணால் சொல்லிவிடுவதால் அவருக்குப் பெயரே 'ரசமட்டம்'. அவர் போட்ட தளம் ஒன்றுகூட ஒழுகியதில்லை. சந்தேகமிருப்பவர் மழையில் போய் அடியில் நின்று பார்க்கலாம்.

அப்பேர்ப்பட்ட ஆளை அரிப்பு ஆட்டிவைத்தது. முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் இருபது வருடத் தோல் நோய். களிம்பெல்லாம் தோற்றபின் தோல் மருத்துவர் தினம் காலையில் ஒரு மாத்திரை எழுதினார். "அரிப்பு நின்னாலும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. மாசாமாசம் ரத்தப் பரிசோதனை வேணும்" என்றார். மூன்றே வாரத்தில் தோல் வழவழத்தது. ரசமட்டம் மாத்திரையைப் பரணில் வீசினார். "சிமெண்டத் தின்னு வளந்த உடம்புடி இது" என்று மனைவியிடம் மார்தட்டினார்.

பத்தாம் நாள் அரிப்பு பழைய பகையோடு திரும்பியது. கட்டிக்கொண்டிருந்த வீட்டின் சாரத்தில் நின்று ரத்தம் வரச் சொறிந்ததை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"இது ஒட்டிக்குமாய்யா?"

பதில் சொன்னவன் ரசமட்டத்தின் மனைவிக்குத் தம்பி, அங்கேயே கொத்தன், அக்கா புருஷனின் இடத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருப்பவன். "யாருக்குத் தெரியும் சார்? எதுக்கும் தள்ளியே நில்லுங்க." ஒட்டாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்காரர் தீர்த்துச் சொன்னார்: "மூணு வாரத்துல தளம் போடுறோம். அதுக்குள்ள இது அடங்கலேன்னா உன் மச்சினன் நின்னு போடட்டும்."

அன்று மாலையே, புதுத் தூணுக்குத் தண்ணீர் ஊற்றாத மைத்துனனை ரசமட்டம் பிடித்து உலுக்கினார். "டேய், மேல காஞ்சுட்டா உள்ள இறுகிடுச்சுன்னு அர்த்தமாடா? நாள் முடியாம தண்ணிய நிறுத்துவியா?"

அவன் பல்லைக் காட்டினான். "அக்கா எல்லாம் சொல்லுச்சு. இத உன் பரண்ல கெடக்குற மாத்திரைக்கிட்ட சொல்லு, மாமா."

சாரம் முழுக்கச் சிரித்தது. கையில் கொத்துக்கரண்டி இருந்தும் அவர் ஓங்கவில்லை. அந்தப் பயல் சொன்னது சரியாக இருந்ததுதான் அரிப்பைவிட எரிந்தது.

மறுநாள் மருத்துவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ரத்தம் கொடுத்து, மாத்திரையை மறுபடி தொடங்கினார். தினமும் வேலையிடத்துக்கு வந்து, மைத்துனன் முகத்துக்கு நேரே நின்று விழுங்கினார். தளம் போட்ட அன்று அரைக்கைச் சட்டையோடு மேலே நின்றது ரசமட்டம்தான்.

கலவை இறுகியதும் மைத்துனனைக் கூப்பிட்டார். "இருபத்தோரு நாள். காலையில தண்ணி, சாயங்காலம் தண்ணி. நீதான் ஊத்தணும், மாப்ள."

"அதுக்குக் கூலியாள் இருக்கானே?"

"அவனுக்கு நாக்கு அவ்ளோ நீளமில்ல."