நாத்தனார் முடிச்சும் செம்பட்டைத் தலையும்

என் தம்பி கல்யாணத்துக்குக் கலர் போட்டோ எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் கவலை. காரணம் என் தலை.

கல்யாணமாகி அரியலூருக்கு வந்தபோதே எனக்குக் காதோரம் நரை தட்டியிருந்தது. அப்பா வழிச் சொத்து. நிலமாக வந்திருந்தால் விற்றாவது சாப்பிட்டிருக்கலாம். கடையில் விற்கிற சாயப் பொடியை வாங்கிக் கிண்ணத்தில் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் நானே பூசிக்கொள்வேன். பூசிய வாரம் அண்டங்காக்கை நிறம். அதற்குப் பிறகு ஊர்த் தண்ணீர் தன் வேலையைக் காட்டும். காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிற தண்ணீர் அது. அதில் குளித்துவிட்டு அந்த வெயிலில் கடைத்தெருவுக்குப் போய் வந்தால் கறுப்பு பழுப்பாகி, பழுப்பு செம்பாகி, கடைசியில் புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் சொம்பு மாதிரி வந்து நிற்கும். மறுபடி பொடியைப் பூசினால் வேர் மட்டும் கறுக்கும், நுனி இன்னும் கேவலமாகத் தெரியும். என் வீட்டுக்காரர் சுண்ணாம்புச் சுரங்க ஆபீஸில் கிளார்க். சாயங்காலம் அவர் தலையிலும் புழுதி நிறைந்து வெளுத்திருக்கும். ஆனால் ஆம்பளைத் தலையை யார் பார்க்கிறார்கள்?

கறுப்பு வெள்ளைப் படம் இருந்தவரை எனக்குக் கவலையில்லை. அதில் செம்பட்டையும் கறுப்புதான். என் தங்கை கல்யாணப் படத்தில் நான் அவளுக்குச் சமமாகக் கறுத்த தலையோடு நிற்கிறேன். அந்த ஒரு படத்தைத்தான் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவேன்.

தங்கையைச் செட்டிகுளத்தில் கொடுத்திருந்தது. அவளுக்கு அம்மா வழி முடி. பின்னி விட்டால் முழங்காலைத் தொடும். உட்காரும்போது சடையை எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள், ஏதோ கைக்குழந்தையைப் போல. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மா அவளுக்குச் சிக்கெடுத்துப் பின்னி முடிக்கிறதுக்குள் எனக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். எனக்கு ஒரு இழுப்பு, ஒரு முடிச்சு, போ. மூத்தது மோழை, இளையது காளை என்று சும்மாவா சொன்னார்கள். இதையெல்லாம் நான் மறந்திருப்பேன் என்று அம்மா நினைத்திருக்கலாம். நான் ஒன்றையும் மறக்கிற ஜாதி இல்லை.

தம்பிக்குப் பூலாம்பாடியில் பெண் பார்த்தார்கள். கல்யாணம் எங்கள் ஊர் பெரம்பலூரில், மண்டபத்தில். எங்கள் பக்கத்தில் தாலி கட்டும்போது மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ போடுவாள். அதுதான் நாத்தனார் முடிச்சு. இன்னொருத்தி பக்கத்தில் விளக்கோடு நிற்பாள். இரண்டும் மரியாதைதான் என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் விளக்குப் பிடித்தவர்கள் இல்லை. மூத்தவள் நான் இருக்கும்போது முடிச்சு என்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. தம்பியை இடுப்பில் தூக்கித் தூக்கி இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது எனக்குத்தான், அவளுக்கு இல்லை.

ஜவுளி எடுக்கப் பெரம்பலூர் போயிருந்தேன். தங்கையும் வந்திருந்தாள். அம்மா புடவைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாக, பருப்புக்கு உப்புப் போட்டாயா என்று கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பொண்ணு வூட்டுல திருச்சியிலேருந்து கலர் போட்டோக்காரர ஏற்பாடு பண்ணிருக்காங்க. முடிச்சுப் போடறப்ப தலைய குனியணும். தலைதான் படத்துல பெருசா விழும். சின்னவ போடட்டும். நீ வெளக்கு புடிச்சுக்க."

"ஏன், என் தலைக்கு என்ன?" என்றேன்.

"என்னன்னு நான் வேற சொல்லணுமா? கண்ணாடி இல்லையா உன் வூட்டுல?"

தங்கை, "அக்காதாம்மா போடணும். நான் வெளக்கு புடிச்சுக்கறேன்" என்றாள். அம்மா, "நீ சும்மா இரு" என்றாள். அந்த 'சும்மா இரு'வில் எவ்வளவு செல்லம்! எனக்கு அப்படி ஒரு 'சும்மா இரு' கிடைத்ததில்லை. தங்கை எனக்காகப் பேசினாளே என்று என் மனம் குளிரவில்லை. கொடுக்கிற இடத்தில் அவள் நிற்கிறாள், வாங்குகிற இடத்தில் நான் நிற்கிறேன் என்றுதான் தோன்றியது. வயிறு பற்றி எரிந்தது.

"என் தலைய நான் பாத்துக்கறேன். முடிச்சு நான்தான் போடுவேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

அரியலூரில் சிமெண்ட் ஆலைக்காரர்கள் குடியிருந்த பக்கம் மெட்ராஸ்காரப் பெண்மணி ஒருத்தர் தன் வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டி அலங்காரம் செய்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். வாசலில் போர்டு கிடையாது, ஒரு பூப்போட்ட திரைதான். நல்ல குடும்பத்துப் பெண்கள் அங்கே போவார்களா என்று என் மாமியார் ஒருமுறை கேட்டதால், ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அந்த அம்மா என் சடையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுக்கு மேல பொடி போட்டீங்கன்னா முடி வைக்கோலாயிடும். சாயம் போகல, அதுல இருக்கற கறுப்புதான் போயிடுச்சு. சிவப்பு மட்டும் தங்கிடுச்சு. அந்தச் சிவப்பை அமுக்கினாப் போதும்" என்றார்.

"அதெப்படிங்க அமுக்கறது?"

"வெள்ளைத் துணிக்கு நீலம் போடறோம் இல்லையா, மஞ்சள் தெரியாம இருக்க. அந்தக் கணக்குதான். கலர் ரின்ஸ்னு பேரு. லேசா ஒரு பூச்சு. உள்ள போகாது, மேலாக்க ஒட்டிக்கும். பளபளன்னு இருக்கும்."

சிங்கப்பூரிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த பாட்டில் என்று ஒன்றை எடுத்தார். நீலமும் பழுப்பும் கலந்த தண்ணீர் போல இருந்தது. தலையை அலசி, ஈரம் சொட்டச் சொட்ட நுனியிலிருந்து மேலே சீப்பால் வாரி வாரிப் பூசினார். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டிவிட்டு, படிக்க ஒரு பழைய வாரப் பத்திரிகையைக் கையில் கொடுத்தார். நான் ஒரு எழுத்தும் படிக்கவில்லை. தங்கை முகம் எப்படி மாறப்போகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலசிக் காய வைத்துக் கண்ணாடியைக் காட்டினார். காக்கைக் கறுப்பு இல்லை. பிறந்ததிலிருந்து அப்படியே இருந்த முடியைப் போல, ஆழமான, எண்ணெய் மினுங்குகிற நிறம். நுனிவரை ஒரே சீர். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க" என்றார் அந்த அம்மா. "கல்யாணம் முடியற வரைக்கும் தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க. எண்ணெய் தேச்சு சீயக்காய் போட்டீங்கன்னா ஒரே குளியல்ல பழையபடி ஆயிடும்."

சரிங்க, சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கல்யாண வீட்டுக்குப் போகிறவள், தலைக்கு எண்ணெய் வைக்காமல் எப்படி இருப்பேன் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெரம்பலூரில் இறங்கினேன். தங்கைதான் முதலில் பார்த்தாள். "அய்யோ அக்கா! எவ்வளவு நல்லா இருக்கு!" என்று வாய்விட்டுச் சொன்னாள். தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறும் என்று நான் ஆசைப்பட்டிருந்தேன். மாறவில்லை. எனக்கு அதிலும் ஒரு ஏமாற்றம். அம்மா என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றாள். சரி, முடிச்சு எனக்குத்தான் என்று ஆனது.

மறுநாள் விடிந்ததும் அம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். எங்கள் வீட்டு வழக்கம், மணவறையில் ஏறுகிறவர்கள் எல்லோரும் அன்று காலை எண்ணெய் தேய்த்துத் தலை முழுகியாக வேண்டும். மாப்பிள்ளைக்கு முதலில், அடுத்து முடிச்சுப் போடுகிறவளுக்கு.

"தலைக்கு வேணாம்மா. ஒடம்புக்குக் குளிச்சுக்கறேன். சளி புடிச்சிருக்கு" என்றேன்.

"சளியாவது ஒண்ணாவது! தலைக்கு ஊத்தாம தாலிய தொடக் கூடாது. முடியலன்னா சொல்லு, சின்னவ குளிச்சு ரெடியாத்தான் நிக்கறா."

திரும்பிப் பார்த்தேன். முழுகிய தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தங்கை நின்றிருந்தாள். சீயக்காய் எவ்வளவு போட்டாலும் கறுப்பு போகாத தலை. எண்ணெய் வைத்தால் என் முடி போகும், வைக்காவிட்டால் என் முடிச்சு போகும். இதற்காகவே எல்லோரும் சேர்ந்து ஏற்பாடு செய்தார்களோ என்றுகூட நினைத்தேன். அழுகை முட்டியது. அழுதால் அவளுக்குத்தான் வெற்றி என்று அடக்கிக்கொண்டேன்.

அப்போது தங்கை அம்மா கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். "நீ போயி மாப்பிள்ளைக்கு வேண்டியதப் பாரும்மா. அக்காவுக்கு நான் ஊத்தறேன்" என்றாள். என் கையைப் பிடித்துக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைத் தாழ் போட்டாள்.

"அக்கா, அந்த மை எண்ணெய் பட்டா போயிடுமா?" என்று காதோடு கேட்டாள்.

எப்படிக் கண்டுபிடித்தாளோ. ஆமாம் என்று தலையசைத்தேன்.

கிண்ணத்தில் சடங்குக்காகப் போட்டிருந்த அறுகம்புல் நுனியால் எண்ணெயைத் தொட்டு உச்சியில் ஒரு சொட்டு வைத்தாள். "வெச்சாச்சு. வழக்கத்துக்கு இது போதும்" என்றாள். என் தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டு, அண்டாவிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு தரையில் ஊற்றினாள். வெளியே கேட்கிற மாதிரி, "கண்ண மூடிக்கக்கா, சீயக்கா எரியும்!" என்று சத்தமாகச் சொன்னாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் பழையபடி எரிந்தது. முடிதான் அவளுக்கு வாய்த்தது என்றால் மனசும் வாய்க்க வேண்டுமா? அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! பொறாமைப்படுவதற்காவது ஒரு நியாயம் கிடைத்திருக்கும். அவள் அதையும் எனக்குக் கொடுக்கவில்லை.

மணவறையில் ஏறினேன். தம்பி முதல் முடிச்சைப் போட்டான். நான் குனிந்து மற்ற இரண்டையும் இறுக்கினேன். விளக்கோடு தங்கை என் தோளை ஒட்டி நின்றாள். கெட்டிமேளம், அட்சதை, போட்டோக்காரரின் வெளிச்சம் கண்ணைப் பறித்தது. அவர் இரண்டு முறை எடுத்தார். நான் தலையைச் சரியான பக்கம் சாய்த்துக் கொடுத்தேன்.

ஆல்பம் வந்ததும் பெரம்பலூருக்கு ஓடினேன். அந்தப் படத்தைத் தேடிப் பிடித்தேன். வீண் போகவில்லை. நடுவில் என் தலை, மினுமினுவென்று, சொன்னால்தான் சாயம் என்று தெரியும். சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், மெல்லப் படத்தின் ஓரத்துக்கு வந்தேன்.

விளக்கைத் தாழ்த்திப் பிடித்துத் தங்கை எட்டிப் பார்க்கிறாள். அவள் சடை முன்னால் சரிந்திருக்கிறது. அவளுக்குப் பின்னால் அம்மா. அம்மாவின் கண் தாலியில் இல்லை, தம்பியிடம் இல்லை, என்னிடம் இல்லை. கையை நீட்டி, தங்கையின் சடை சுடரில் பட்டுவிடாமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதே சுடருக்கு என் தலையும் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

"ஏம்மா, அவ முடியப் புடிச்சியே, என் தலையும் அங்கதான இருந்துச்சு?" என்று கேட்டேன். சண்டைக்குத்தான் கேட்டேன்.

அம்மா படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "உனக்கென்னடி. நீ பாத்துக்குவ" என்றாள்.

என் தலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் நான்தானே. அரியலூர் திரும்பி, எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு முழுகினேன். கறுப்பாக ஓடியது தண்ணீர். காய்ந்ததும் பழைய பித்தளைச் சொம்பு வந்துவிட்டது.

அம்மா போன பிறகு அந்த ஆல்பம் என்னிடம் வந்தது. அந்தக் காலத்துக் கலர் படம், வருஷம் ஆக ஆகச் சிவந்துபோய்விட்டது. மாலை, புடவை, பந்தல் எல்லாம் ஒரே செம்பு நிறம். என் தலையும் செம்பட்டை, தங்கை சடையும் செம்பட்டை. முதலில் அதைப் பார்த்தபோது, வந்தாயா வழிக்கு என்று எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. பிறகு கண் ஓரத்துக்குப் போனது. நிறம்தான் போயிருக்கிறது. அம்மா இன்னும் அந்தச் சடையை விடவில்லை.