முயல் பெட்டிமேல் ஒரு செங்கல்

முயல்களை வளர்த்தது நான்தான் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு. யாராவது வந்தால் அப்பா அதைச் சொல்லாமல் விடமாட்டார். மறுத்துப் பேச எனக்கு இப்போது தெம்பில்லை. வேலை முடிந்து, ரயிலில் நின்றுகொண்டே ஆவடி வந்து இறங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது. போகட்டும், நானே வளர்த்ததாக இருக்கட்டும்.

அப்போது எனக்கு எட்டு வயது. சேக்காட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தோட்டம் என்று மரியாதைக்குச் சொல்லிக்கொள்ளும் ஒரு துண்டு நிலம். அதன் மூலையில் அப்பா தகரம் போட்டுக் கட்டிய ஷெட். அப்பாவின் சிநேகிதர் ஒரு ஜோடி முயல் கொடுத்ததும், ஷெட்டிலிருந்த ஓட்டை சைக்கிளையும் பெயிண்ட் டப்பாக்களையும் ஒரே நாளில் காலி செய்தோம். ஜன்னலுக்குக் கம்பி வலை, தரைக்கு வைக்கோல், படுக்க ஆப்பிள் பெட்டி, தகரம் சுடாமலிருக்க மேலே தென்னை ஓலை. அடேங்கப்பா, எங்களுக்கே அவ்வளவு வசதி கிடையாது! இரண்டும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு முட்டைக்கோஸ் இலையைக் கொறிப்பதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன். வளர்ப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கு அம்பத்தூரில் ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை. காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் வேன் ஏறினால், திரும்ப எட்டு மணியாகிவிடும். பகலில் அடுத்த தெருவிலிருந்து அத்தை வந்து எனக்குச் சோறு போடுவாள், கூடவே அம்மாவுக்கு அர்ச்சனையும் நடக்கும்.

"பெத்துப் போட்டா ஆச்சா? கூட இருந்து பாக்க வாணாமா? ஊரு சுத்தினு கீறா."

காலையில் போய் இரவில் வருகிற வேலைக்கு அத்தை வைத்திருந்த பெயர் ஊர் சுத்துவது.

முழுப் பரீட்சை லீவில் பெண் முயல் தன் வயிற்று மயிரைப் பிடுங்கிப் பெட்டியில் மெத்தை போட்டு, ஐந்து குட்டிகள் போட்டது. கண் திறக்காத, மயிரே இல்லாத சிவப்புக் குட்டிகள். மூன்று நாள் பகலெல்லாம் ஷெட்டிலேயே காவல் இருந்தேன். தாய் முயல் பெட்டிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. தின்றது, தூங்கியது, காதைச் சொறிந்துகொண்டது. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். நாலாம் நாள் காலையில் அதைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டு, மேலே பலகையை மூடி, பலகைமேல் செங்கல் வைத்தேன். குட்டிகளைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு விளையாடப் போனவள், அதைச் சுத்தமாக மறந்துபோனேன்.

அன்று வேனில் வந்து இறங்கிய அம்மாதான் ஷெட்டுக்குப் போய்ச் செங்கலை எடுத்தாள். உள்ளே முயல் மிரண்டு உதைத்ததில் இரண்டு குட்டிகள் மிதிபட்டுச் செத்துக் கிடந்தன. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியபடியே அம்மா குழி தோண்டினாள். அடி விழும் என்று பயந்து நானே முந்திக்கொண்டேன்.

"அது புள்ளைங்கள பாக்கவே மாட்டுதும்மா. பெத்துப் போட்டுட்டு ஊரு சுத்தினு கீது."

அம்மாவின் கை நின்றது. "இப்டி யாரு சொன்னா?"

"அத்தை."

"முயலையா சொன்னாங்க?"

"இல்லம்மா, உன்னத்தான்."

அம்மா அடிக்கவில்லை. மண்ணைத் தள்ளி மூடினாள். கையைக் கழுவிக்கொண்டே, "அது விடிகாலைல வந்து பால் குடுத்துட்டுத்தான் போவுது. நான் அடுப்பு பத்த வெக்கச் சொல்லோ தெனம் பாக்கறேன். நீ தூங்கினு கீற, உனுக்கு எப்டித் தெரியும்?" என்றாள். அவ்வளவு அலுப்பான குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மறுநாள் நாலரைக்கு என்னை எழுப்பிவிட்டாள். அடுக்களையில் சாதம் வடிந்துகொண்டிருந்தது. எனக்கு மத்தியானத்துக்கான குழம்பு மூடி வைத்திருந்தது. குடங்களில் தண்ணீர் நிரம்பியிருந்தது. முயலுக்கான இலைகூடத் தட்டில் நறுக்கித் தயாராக இருந்தது. ஷெட்டில் டார்ச் அடித்துக் காட்டினாள். தாய் முயல் பெட்டிக்குள் தாவியது. மிச்சமிருந்த மூன்றும் அதன் வயிற்றடியில் மல்லாந்து முட்டின. மூன்று நிமிஷம்கூட இருக்காது, முயல் வெளியே வந்துவிட்டது. குட்டிகளின் வயிறு பம்மென்று இருந்தது.

"பாத்துட்ட இல்ல?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போன அம்மா, ஆறு மணிக்குப் பாதி பின்னிய தலையோடு வேனுக்கு ஓடினாள்.

எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. அத்தை வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சண்டைக்குப் போனேன். முயல் ஊர் சுத்தவில்லை, நாம் தூங்கும்போதே எழுந்து வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டுத்தான் போகிறது, இனிமேல் அதை யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று கத்தினேன். அத்தை சிரித்துவிட்டு, அம்மா ஆக்கி வைத்திருந்த சோற்றைத் தட்டில் போட்டு, வழக்கம்போல அம்மாவைத் திட்ட ஆரம்பித்தாள். நான் அதைக் கேட்டுக்கொண்டே குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன்.