ஏலக்காய் படிக்கிற பள்ளிக்கூடம்

மதுரையில் ரயில் ஏறும்போதே எனக்குக் கோபம். ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டுவிட்டு ஒரு மனிதர் பிளாட்பாரத்தில் நின்று வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார். துண்டை மடித்து மேலே வைத்துவிட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். அவர் வந்து முறைத்தார். நானும் முறைத்தேன். இத்தனை வருடமாகப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு முறைக்கத் தெரியாதா? உசிலம்பட்டி தாண்டியதும் பாவமாக இருந்தது, நகர்ந்து இடம் கொடுத்தேன். அவர் ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். அதோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

கோடை விடுமுறை. மலைமேல் ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதும் என் தம்பி சுந்தரம், "வெயிலில் வேகாமல் வந்து நாலு நாள் இரு" என்று எழுதியிருந்தான். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ஐம்பத்தாறு மைல். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய் ஏழணா. யுத்த காலத்தில் பெயர்த்துக்கொண்டு போன தண்டவாளத்தை மறுபடி போட்டு ரயில் விட்டிருக்கிறார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் மூச்சு வாங்கி, தேனியில் தண்ணீர் குடித்து, உச்சிப்பொழுதுக்குப் போடியில் கொண்டுபோய் இறக்கியது. மூன்று பக்கமும் மலை எழும்பி நிற்க, நடுவில் ஊர். தெருவுக்குத் தெரு ஏலக்காய் வாசனை.

மலைக்குப் போகிற ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போகக் குதிரை வண்டி பிடித்தேன். ஆறணா கேட்டார், நாலணாவுக்குப் படிந்தார். வண்டிக்காரர் பெயர் முத்தையா. கொஞ்ச தூரம் போனதும் ஒரு புதுக் கட்டிடத்தின் முன்னால் வண்டியை நிறுத்தினார். சுண்ணாம்பு வெள்ளை மாறாத சுவர், மங்களூர் ஓடு, நல்ல அகலமான ஜன்னல்கள். வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, அது காய்ந்து சருகாகித் தொங்கியது.

"ஒரு நிமிசம் பொறுத்துக்கங்கம்மா. எம் மகளுக்குக் கஞ்சி குடுத்துட்டு வெரசா வந்துர்றேன்" என்று தூக்குச்சட்டியோடு இறங்கினார்.

"மகள் இங்கேயா படிக்கிறாள்?"

"படிக்கத்தான் வேணும். வாத்திச்சிமாருக்குப் பயிற்சி குடுக்கிற பள்ளிக்கொடம்மா இது. கட்டி முடிச்சு ரெண்டு வருசமாச்சு, இன்னும் தொறக்கல. எம் மக உள்ள ஏலக்கா பொறுக்குறா."

எனக்குச் சரியாக விளங்கவில்லை. நானும் இறங்கி அவர் பின்னாலேயே போனேன். உள்ளே போனதும் விளங்கிவிட்டது.

வகுப்பறை. சுவரில் கரும்பலகை. அதில் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை, சாக்குமூட்டைகள் அதன் பாதியை மறைத்துக்கொண்டிருந்தன. பெஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து மூலையில் அடுக்கியிருந்தார்கள். தரையில் இளம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுளகில் ஏலக்காயைப் பரப்பி, பச்சைக் காய் தனி, வெளுத்த காய் தனி, வெடித்த காய் தனி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். முத்தையா சட்டியை நீட்டியதும் ஒரு பெண் எழுந்து வந்தாள். பேச்சியம்மாள், பதினெட்டு வயது இருக்கும். நான் மதுரையில் டீச்சர் என்றதும் கும்பிட்டாள்.

"எட்டாவது பாஸ் பண்ணிட்டேன் டீச்சர். இந்தப் பயிற்சிக்கு மனுப் போட்டு ரெண்டு வருசமாச்சு. இங்க இருக்கிறதுல பாதிப் பேரு மனுப் போட்டவகதான்" என்றாள், ஏதோ ஊர்ச் செய்தி சொல்வதுபோல.

பள்ளிக்கூடத்தில் சேர மனுப் போட்ட பெண்களை அதே பள்ளிக்கூடத்துக்குள் கூலிக்கு உட்கார வைத்திருக்கிறார்கள்! எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

வண்டியில் ஏறியதும் ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். முத்தையா சாட்டையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். ஊர் வியாபாரிகள் கூடிக் கட்டிய கட்டிடம். ஒரு பெரிய மனிதர் கையால் திறக்க வேண்டும் என்று முடிவாம். முதல் தடவை அவர் வருவதாகச் சொன்ன நாளில் வேறு ஊருக்குப் போய்விட்டார். இரண்டாம் தடவை மழை. மூன்றாம் தடவை அவர் வரச் சம்மதித்தார். ஆனால் வாசலில் பதிக்கிற கல்லில் யார் பேரை முதலில் வெட்டுவது என்று இரண்டு வியாபாரிகளுக்குள் தகராறு.

"மூணு தடவையும் வாழமரம் ஏத்திட்டு வந்தது என் வண்டிதாம்மா" என்றார்.

"மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைக்கக் கூடாதா அண்ணே?"

"வயசுப்பிள்ளைய அம்புட்டுத் தொலைவு எப்படிம்மா அனுப்புறது? ஊருக்குள்ளயே பள்ளிக்கொடம் வருதுன்னு நெனச்சுல்ல இருந்தேன். இந்த ஆனியில தொறக்கலன்னா அவ மாமன் வீட்டுல பொண்ணு கேக்குறாக, முடிச்சு விட்டுற வேண்டியதுதான்."

ஆனி பிறக்க இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

போடிமெட்டுக்குப் பதினாறு மைல். ஜீப்பில் ஒன்றரை ரூபாய். ஆறு பேர் உட்காரும் வண்டியில் பதினொரு பேரும், இரண்டு மூட்டை அரிசியும், ஒரு கோழிக்கூடையும். முந்தல் தாண்டியதும் ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கோழிகள் என் மடிக்கு வந்தன. கீழே போடி சின்னதாகிக்கொண்டே போனது. வடக்கே குரங்கணிப் பக்கத்து மலைமேல் மேகம் படுத்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் இதை நான் ஒரு பக்கம் வர்ணித்திருப்பேன். அன்றைக்கு மனம் முழுக்க அந்தக் கவிழ்த்த பெஞ்சுகள்.

தம்பியின் தோட்டம் மெட்டுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. பெரிய மரங்களின் நிழலில், ஆள் உயரத்துக்குமேல் ஏலச்செடி அடர்ந்து நிற்கிறது. வெயில் உள்ளே விழுவதில்லை. மலையாள எல்லை என்பதால் மெட்டுக் கடையில் "சாயா" என்று கேட்டால்தான் டீ கிடைக்கிறது. நல்ல குளிர். சுந்தரம் கம்பளி கொடுத்தான். காலையில் என்னை ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போனான்.

தோட்டத்து ஆட்களே ஞாயிற்றுக்கிழமைகளில் மரம் சுமந்து, மண் குழைத்துக் கட்டிய கொட்டகை. உள்ளே நாற்பது பிள்ளைகள் இருக்கும், முன்னால் வாத்தியார் இல்லை. ஒரு பெரிய பெண் சின்னதுகளுக்கு "அணில், ஆடு" சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே அந்தப் பாடத்துக்கு அப்புறம் தெரியாதாம்.

"சம்பளம் வச்சு வாத்தியார் இடம் இருக்கு அக்கா. வர்றவன் தங்க மாட்டேங்கிறான்" என்றான் தம்பி. முதலில் வந்தவர் அட்டைக்கடி தாங்காமல் ஓடினார். அடுத்தவர் குளிருக்கு ஓடினார். மூன்றாமவர், தேவாரம் ஊர்ப் பக்கம் யானை இறங்கியது என்று கேள்விப்பட்டே பெட்டியைக் கட்டிவிட்டார். யானை இருந்த இடம் இங்கிருந்து எத்தனையோ மைல்!

"மலங்காடு தெரிஞ்ச பிள்ளையாத்தான் வேணும். கீழ ஒரு வண்டிக்காரர் மகள் இருக்கா, பேச்சியம்மாள்னு. அவ அம்மா இங்க காய் எடுத்த காலத்துல இந்தக் காட்டுக்குள்ளயே வளர்ந்தவ. பயிற்சியில சேர்ந்துட்டான்னு தெரிஞ்சாலே போதும், அவளுக்காக இடத்தை வச்சிருக்கேன்னு மேனேஜர் சொல்றார். இந்த வருசமும் யாரும் இல்லன்னா கொட்டகையை விறகு போட எடுத்துக்கிருவாங்க."

அந்தப் பெயரைக் கேட்டதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். வேலை இருக்கிறது. வேலைக்கு ஆள் இருக்கிறது. ஆளைத் தயார் பண்ணக் கட்டிடமும் இருக்கிறது. நடுவில் ஒரு கல்வெட்டுத் தகராறு உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கெடுக்கிறது. வாலிபர்களுக்கு வேலை இல்லை, வேலை இல்லை என்று மேடைக்கு மேடை புலம்புகிற மனிதர்களை இந்தக் கொட்டகைக்குள் ஒரு நாள் கட்டிப்போட வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான்.

நாலு நாள் தங்க வந்தவள் மூன்றாம் நாள் காலையிலேயே கீழே இறங்கிவிட்டேன்.

அந்தப் புதுக் கட்டிடத்தின் வராந்தாவில், அதைக் கட்டிய வியாபாரிகளின் காரியதரிசி இருந்தார். ஏலக்காய் வியாபாரி, பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சந்தனம், இனிமையான பேச்சு. நான் டீச்சர் என்றதும் எழுந்து நாற்காலி போட்டார், காபிக்கு ஆள் அனுப்பினார். கோபத்தோடு போகிறவளுக்கு இப்படி மரியாதை செய்தால் என்ன செய்வது? காபியைக் குடித்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பித்தேன்.

"இது பள்ளிக்கூடமா, கிடங்கா?"

"பள்ளிக்கொடந்தாம்மா, அதுல என்ன சந்தேகம்? சும்மா பூட்டிப் போட்டா கரையான் ஏறிரும். சரக்கு கெடந்தா நாலு ஆள் நடமாட்டம் இருக்கும்லா. விலை ஏறுற வரைக்கும்தான்."

"ஆள் நடமாட்டத்துக்குப் பிள்ளைகளைப் படிக்க உட்கார வைக்கலாமே."

"தொறக்காத பள்ளிக்கொடத்துல எப்படிம்மா பிள்ளைகள உக்கார வைக்கிறது? பெரிய மனுசர் கையால வெளக்கேத்தாம உள்ள நொழைஞ்சா மருவாதியா இருக்குமா?"

"இப்போதும் உள்ளேதானே உட்கார்ந்திருக்கிறார்கள்? கையில் புத்தகம் இருந்தால் மரியாதை போய்விடும், சுளகு இருந்தால் போகாதா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை. "படிச்சவனெல்லாம் வேலை இல்லாமத் தெருவுல திரியிறான். நான் இதுகளுக்குச் சோலி குடுத்திருக்கேன். அது தருமமில்லையா?"

"மலைமேல் ஒரு வாத்திச்சி வேலை ஆளில்லாமல் கிடக்கிறது. உங்கள் பூட்டுத்தான் அதை மறிக்கிறது. இந்தப் பிள்ளைகளுடைய படிப்பை நெரித்துவிட்டு அவர்களுக்கே கூலி கொடுப்பது தருமமா?" வராந்தாவில் நின்று கத்தினேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"அடுத்த வருசம் பாப்பம்மா" என்றார் அவர், அதே இனிமையோடு.

ஆனி இல்லை, அடுத்த வருசம். உள்ளே சுளகுச் சத்தம் நின்றுபோயிருந்தது. பேச்சியம்மாள் வாசற்படிக்கு வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அய்யா, நான் சோலிய விட்டு நின்னுக்கிறேன்."

"ஏன் ஆத்தா? மேலுக்குச் சொகமில்லையா?"

"சொகமாத்தான் இருக்கேன். இனிமே இதுக்குள்ள வந்தா படிக்கத்தான் வருவேன். பொறுக்க வர மாட்டேன்."

"நீ போனா இன்னொருத்தி வருவா."

"வரட்டும்யா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். உள்ளே ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அவர்கள்மேலும் எனக்கு ஒரு கணம் கோபம் வந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது. எனக்கென்ன, மாதம் பிறந்தால் சம்பளம். அவர்கள் அன்றைக்குப் பொறுக்கினால்தான் அன்றைக்கு உலை.

தெரு முனையில் முத்தையாவின் வண்டி நின்றது. அவரிடம் நேராகவே சொன்னேன்: "அண்ணே, நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தோடு பயிற்சி வகுப்பும் நடக்கிறது. மனு வாங்க இந்த மாதக் கடைசி வரை நாள் இருக்கிறது. இடம் வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. விடுதி உண்டு, சர்க்கார் உபகாரச் சம்பளமும் உண்டு. படிப்பில் சேர்ந்தாலே போதும், மலைமேல் வாத்திச்சி வேலையை உங்கள் மகளுக்காகவே வைத்திருக்கிறார்கள். வகுப்பு தொடங்கும் வரை என் வீட்டில் இருக்கட்டும். நான் மாலை ரயிலுக்குப் போகிறேன்."

அவர் மகளைப் பார்த்தார். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். நான் ஸ்டேஷனுக்கு நடந்தே போனேன்.

ரயில் புறப்பட மணி அடித்துவிட்டது. அவர்கள் வர மாட்டார்கள் என்று முடிவு கட்டி ஜன்னலை இறக்கப்போனேன். முத்தையா ஓடிவந்தார்; பின்னால் பேச்சியம்மாள், கையில் ஒரு துணிமூட்டை. அவளைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடித்தபடியே கூட நடந்தார்.

"ஊருக்குள்ள பள்ளிக்கொடம் இருக்கு இருக்குன்னு சொல்லியே ரெண்டு வருசம் ஒன்னைய ஏமாத்திட்டேன் ஆத்தா. போயி நல்லாப் படி" என்று சொல்லிவிட்டுக் கம்பியை விட்டார்.

ஒருத்தியை ரயிலேற்றிவிட்டேன் என்று மார் தட்டிக்கொள்ள எனக்கு ஒன்றுமில்லை. மற்றப் பிள்ளைகள் நாளைக்கும் அதே தரையில் குனிந்து உட்காருவார்கள். ஒரு ஊர் கூடிப் பணம் போட்டுப் பள்ளிக்கூடம் கட்டிவிட்டு, படிக்க ஆசைப்பட்ட பிள்ளையை ஐம்பத்தாறு மைலுக்கு அப்பால் அனுப்புகிறது! கட்டிடம் கட்டினால் கல்வி வந்துவிடும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது?

மதுரையில் எங்கள் பயிற்சி வகுப்புக்குக் கட்டிடமே கிடையாது. ஒரு பழைய மண்டிக்குப் பின்னால் கீற்றுக்கொட்டகை. மழை வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டுக் குடம் வைக்க வேண்டும். இதை அந்தப் பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. தேனி தாண்டியதும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"உக்காரப் பெஞ்சு இருக்குமா டீச்சர்?"

"இல்லையம்மா. பாய்தான்."

துணிமூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "பாடம் நடக்கும்ல?" என்று கேட்டாள்.