நல்ல சேற்றில் நட்ட செடி

எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டி மூடிப்போன கரையில் அலையாத்தி மரம் வளர்க்கும் வேலைக்கு என்னை மேற்பார்வையாளராகப் போட்டார்கள். அதற்கு முன் நான் வளர்த்த ஒரே செடி, ராயபுரம் வீட்டு மாடியில் செத்துப்போன ரோஜா. நல்லவேளை, வேலைக்கு எடுக்கும்போது யாரும் அதைக் கேட்கவில்லை.

இரண்டு தடவை சாம்பலில் நட்டோம். இரண்டு தடவையும் கருகிற்று. ஒப்பந்தக்காரர் புகைப்படம் கேட்டார். படத்தில் பச்சை இருக்க வேண்டுமாம். நான்தான் மூளைக்காரன் ஆயிற்றே, சாம்பலை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி ஓடையோரத்து நல்ல சேற்றில் கயிறு பிடித்து வரிசையாக நட்டுவிட்டேன். கன்றுக்கொரு கழியும் ஊன்றினேன்.

மறுநாள் காலை நெட்டுக்குப்பத்துக்காரர் ஒருவர் வலையோடு படகில் வந்தார். அங்கே வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அன்று அந்த இடம் அவருடைய பாடு. விட்டால் மறுநாள் அடுத்தவருக்கு. திரும்பி வர நாளாகும்.

“எவன்டா என் பாட்டுல தோட்டம் போட்டது?”

“அலையாத்தி, நைனா. ஊருக்கு நல்லது.”

“சாம்பல் கொட்னது அங்க, செடி நட்றது இங்கயா? இன்னா சாரே, ஒடஞ்ச காலு அப்டியே கீது, நல்ல கால்ல கட்டு போட்றே?”

நான் சிரித்துவிட்டேன். என் முகவாகு அப்படி. சாவு வீட்டில்கூட இதற்காக அடி வாங்கியிருக்கிறேன்.

“சிரிக்கிறியா? புடுங்கு.”

ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டேன். போலீசில் சொல்வதாக மிரட்டச் சொன்னார். மிரட்டினேன். படகுக்காரர் இறங்கி என் கயிற்றை அறுத்தார். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிடுங்கினோம். கடைசிக் கழி வருவதற்குள் நீரோட்டம் மாறிவிட்டது. அன்றைய பாடு போயிற்று.

“அடுத்த பாட்டுக்கு வருவேன். இங்க ஒரு குச்சி கீதுன்னு பாத்தேன், உன்னிய நட்டுடுவேன்.”

அன்று முதல் அந்த ஊர் டீக்கடையில் என்னைக் கண்டாலே பால் தீர்ந்துபோகும்.

அவர் பாடு திரும்பி வந்த நாளில் நான் முழங்கால் சாம்பலில் நின்று தோண்டிக்கொண்டிருந்தேன். அடிச்சேறு தெரியும்வரை தோண்டிய குழிகளில் சில கன்றுகள் மட்டும் பிழைத்திருந்தன. ஓடையோரம் காலியாகக் கிடந்தது. படகிலிருந்தே இரண்டையும் பார்த்தார். கும்பிட்டேன். தண்ணீரில் காறித் துப்பிவிட்டு வலை கட்டப் போனார்.

என்னை நடவில்லை. அதுவரை லாபம்.