வாசலில் வளர்ந்த ஓமப்புல்

பசுமலைப் பள்ளிக்கூடத்தில் அக்காவுக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்கார அம்மாள், ஊருக்குக் கப்பலேறும்போது ஒரு விதைப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள். தைம் என்று ஒரு செடி. அவர்கள் ஊரில் வீட்டு முன்னால் ஜமுக்காளம் விரித்த மாதிரி தரையோடு படர்ந்து கிடக்குமாம், மிதித்தால் மணக்குமாம். சொன்னவள் போய்விட்டாள். அனுபவித்தது நாங்கள்.

விதையா அது? மூக்குப்பொடி. கார்த்திகையில் அக்கா அதை ஆற்று மணலோடு கலந்து அகலச் சட்டியில் தூவினாள். மேலே மண் போடக் கூடாதாம். வெளிச்சம் பட்டால்தான் முளைக்குமாம். எறும்பு இழுத்துப் போகாமலிருக்கச் சட்டியைத் தாம்பாளத் தண்ணீரில் வைத்தாள். ஈரத்துணியைப் பிழிந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். முளைத்தபோது பாசி பிடித்தது போலத்தான் இருந்தது. அதற்கே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்கழிக் கோலமெல்லாம் முடிந்து தை பிறந்ததும் நாற்றை எடுத்து வாசலில் நட்டாள். பங்குனிக்குள் படியிலிருந்து தெரு வரைக்கும் பச்சை மூடிவிட்டது. காலை வைத்தால் ஓம வாசனை. அப்பா அதற்கு ஓமப்புல் என்று பெயர் வைத்தார். சாணித் தண்ணீர் பட்டால் கருகிவிடும் என்று அக்கா வாசல் தெளிப்பதையே நிறுத்திவிட்டாள். கோலத்தை உள்முற்றத்துக்கு மாற்றிக்கொண்டாள். எதிர்வீட்டு அத்தை மட்டும், வாசலில் புல் முளைக்க விடுகிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். பொறாமை பிடித்தவள் என்று அம்மா முணுமுணுத்தாள். நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற வாத்தியார் எங்கள் அப்பா. வீட்டில் ஒருத்தருக்குக்கூட உறைக்கவில்லையே!

அந்தப் பங்குனியில்தான் டி. கல்லுப்பட்டியிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஏதோ கல்யாண வீட்டில் அவளைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று மாப்பிள்ளையே சொல்லி அனுப்பிய இடம். அக்காவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் செடிக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம் பாடிக்கொண்டிருந்தாள்.

காலையில் வருவதாகச் சொன்னவர்கள் உச்சிப்பொழுதாகியும் வரவில்லை. கேசரி ஆறிக் கட்டியாகிவிட்டது. கடைசியில் தரகர் மட்டும், தோள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தொங்கிய முகத்தோடு வந்தார். அப்பாவின் கையைப் பற்றி, யார் தவறியது என்று கேட்டார். அப்பா திருதிருவென்று விழித்தார்.

"தெரு முனையில நின்னு வீட்டக் காட்டுனேண்ணே. வாசத் தெளிக்கல, கோலமில்ல. கேதம் விழுந்த வீடுன்னு எனக்கே திக்குன்னு ஆயிருச்சு. அவுக அப்படியே ஜட்காவத் திருப்பிட்டாக. பஸ் ஏத்திவிட்டுட்டு, நான் துட்டி கேக்கத்தான் வாரேன்."

சாவு விழுந்த வீட்டு வாசல்தானே கோலமில்லாமல் கிடக்கும். அப்பா மறுநாளே கல்லுப்பட்டிக்குப் போய், செடியைப் பற்றி விளக்கோ விளக்கென்று விளக்கினார். மாப்பிள்ளையின் அம்மா மோர் கொடுத்து, கோபமே இல்லாமல்தான் பேசினாளாம்.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல கேதம்னு மனசுல பட்டுருச்சு. இனி அந்த வாசல்ல எப்படிண்ணே கால வைக்க?"

அவளைத் திட்டவும் வழியில்லை. எங்கள் அம்மாவாக இருந்தாலும் அப்படித்தான் திரும்பியிருப்பாள். அக்காவைப் பிற்பாடு ஒத்தக்கடைப் பக்கம் இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாத மனிதர். ஆனாலும் என் வயிற்றெரிச்சல் தீரவில்லை.

கல்லுப்பட்டியிலிருந்து அப்பா திரும்பிய அன்றே, யாரும் சொல்லாமல் அக்கா மண்வெட்டியை எடுத்தாள். தெருவெல்லாம் ஓமம் மணக்க அத்தனையையும் வெட்டி எறிந்தாள். மறுநாள் விடிந்ததும் சாணி தெளித்து, படியிலிருந்து சாக்கடை வரைக்கும் புள்ளி வைத்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பண்டிகையா, விசேஷமா, எதற்கு இவ்வளவு பெரிது என்று அம்மா கேட்டாள். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை.

"தெரு முனையில நின்னு பாத்தாலும் தெரியணும்லம்மா."