வேணுவுக்காக நான் போட்ட கையெழுத்து

மருத்துவமனையின் முப்பது மீட்டர் நடைவழியில் தனியாக நடக்கிறேன். காதில் இரண்டு மூச்சுகள் கேட்கின்றன.

எனக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (மூச்சுக்குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று வெளியேறத் திணறுவது). முதலில் சட்டைக் கழுத்து இறுக்குகிறது என்று நினைத்து, பெரிய அளவில் நான்கு சட்டை தைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து ஆண்டு அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்குக் காரணத்தை வேறு தலைப்புக்கு மாற்றுவது கைவந்த கலை.

செவ்வாயும் வெள்ளியும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி (மூச்சுக்கும் கால்களுக்குமான உடற்பயிற்சி). வில்லியனூரிலிருந்து நான் வருவேன். மடுகரையிலிருந்து கரும்பு விவசாயி வேணு வருவார். உதட்டைக் குவித்து ஊதியபடி நடப்போம். நடைவழி முடிந்து திரும்பும் இடத்தில் அவர் என்னை முந்துவார்.

"இன்னா சார், பென்ஷன் பைலு மாரி நவுர்றீங்க?"

தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமானது. ஒரு வெள்ளிக்கிழமை வேணு சொன்னார்: "அடுத்த வாரம் கரும்பு வெட்டு சார். பேர அடிச்சிட்டா மறுபடி எப்ப கெடைக்குமோ. ஆபீசுல இருந்தவரு, பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டேன். செவ்வாயும் வெள்ளியும் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். அந்த இரண்டு நாளும் திரும்பும் இடத்தில் பக்கத்தில் யாரோ ஊதும் சத்தம் கேட்டது. எதிரொலி என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் பதிவேட்டருகே செவிலியர் நின்றிருந்தார்.

"வேணு ஐயா ஞாயித்துக்கெழம தவறிப் பூட்டாரு சார். ஒரு வாரமா ஜுரம், இருமலாம். கரும்புத் தூசின்னு வூட்ல நெனச்சிக்கினு இருந்திருக்காங்க. ஒருநாள் வரலன்னாலே நாங்க போன் போட்டு, சளி இன்னா நெறம், மூச்சு எப்டின்னு கேப்போம். ரெண்டு நாளும் வந்தாருன்னு இருக்கே?"

"நான்தான் போட்டேன்."

அவர் பதிவேட்டை மூடிவிட்டார். எல்லா விதிகளும் அறிந்த எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

சக நோயாளிகளுக்குச் சொல்கிறேன்: பக்கத்தில் நடப்பவர் வரவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் வீட்டுக்குப் பேசுங்கள்.

இரண்டு மூச்சு கேட்பதைச் சொன்னதும் மருத்துவர் என் முதுகில் குழலை வைத்துக் கேட்டார். "ரெண்டாவது சத்தமும் உங்களோடதுதான் சார். உள்ள தங்குன காத்து லேட்டா வருது."

இருக்கலாம். போன நிமிடத்தின் காற்றை இந்த நிமிடத்தில் வெளியேற்றும் உடம்பு இது. எது எப்போதையது என்று என்னால் இப்போது சொல்ல முடிவதில்லை. பயிற்சியை ஒருநாளும் தவறவிடுவதில்லை.

திரும்பும் இடம் வந்ததும் சுவரோரமாக ஒதுங்கி நிற்கிறேன். ஊதும் சத்தம் என்னைக் கடந்து போகிறது. பிறகு நடக்கிறேன்.