கையில் சிக்கிய ஹாக்கிப் பந்து

ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி அறுபதுகளின் நடு வரை நான் இரண்டு ஆட்டங்கள் ஆடினேன். ஒன்று ஹாக்கி, இன்னொன்று நெட்பால் என்கிற வலைப்பந்து. இரண்டில் எது உனக்கு முக்கியம் என்று கேட்டவர்களிடமெல்லாம், சோறு முக்கியமா குழம்பு முக்கியமா என்று திருப்பிக் கேட்டு வாயாடி என்று பெயர் வாங்கினேன். அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் பள்ளியில் எங்களுக்கு வாய்த்த ஐரிஷ் கன்னியாஸ்திரி. ஊரில் இருந்த காலத்தில் அவரும் மட்டை பிடித்து ஆடியவர், அண்ணன்மாரோடு சேர்ந்து பந்தும் உதைத்தவர். அதிலென்ன அதிசயம் என்பதுபோல் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் வீட்டில் அது அதிசயம்தான். பள்ளி முடித்து, நானே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போன பிறகும் ஆட்டத்தை விடவில்லை. வலைப்பந்து மட்டும் என்றால் அம்மா வாய் திறந்திருக்க மாட்டாள். அது பள்ளிக்கூடத்துச் சுவருக்குள், பெண்களுக்கு நடுவில் நடப்பது. ஹாக்கியோ ஃபேரர் பார்க் திடலில். சாயங்காலம் ஆனால் நாங்கள் குடியிருந்த சிராங்கூன் ரோடே அங்கேதான் காற்று வாங்கும். மளிகைக்கடைக்காரர், பால்காரர், நாளைக்குப் பெண் கேட்டு வரக்கூடியவர்கள் என்று எல்லாரும் நிற்கும் இடத்தில் முழங்கால் தெரிய ஓடினால் எவன் கட்டிக்கொள்வான் என்பது அம்மாவின் கவலை. இரண்டு ஆட்டத்துக்கும் குட்டைப் பாவாடை தைத்துக் கொடுத்த குற்றத்துக்காக அப்பாவுக்கும் அவ்வப்போது திட்டு விழும்.

எங்கள் ஹாக்கிக் குழுவின் தலைவிக்கு வேறு கவலை. அவரும் தமிழர்தான், என்னைவிட மூத்தவர், கோபக்காரர்.

"வலைப்பந்துல பந்து வந்தா பிடிச்சிட்டு அப்படியே நிக்கணும். இங்க நின்னா தொலைஞ்சோம் லா. ரெண்டும் உடம்புல கலந்துரும். நல்லா யோசிச்சு ஒண்ணை விட்டுடு" என்றார். அந்தச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அதே சனிக்கிழமையைத்தான் அம்மாவும் பிடித்துக்கொண்டாள். "நானே வந்து பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன், இனிமே நீ போகணுமா வேணாமான்னு."

ஆக, அவர் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றோடு இருப்பது என்னால் ஆகாது. இதை யாரிடம் சொல்வது?

எனக்குத் தற்காப்பில் இடம். ஆட்டம் பாதியைத் தாண்டியதும் எதிரணிப் பெண் ஒருத்தி வீசி அடித்த பந்து தரையில் முட்டி எகிறி, நேரே என் நெஞ்சுக்கு வந்தது. அந்தக் கால ஹாக்கி விதிப்படி பந்தைக் கையால் தடுத்துக் கீழே போடலாம். நான் இரண்டு கையாலும் கச்சிதமாகப் பிடித்தேன். பிடித்ததோடு விட்டேனா என்றால், இல்லை, வலைப்பந்து விதிப்படி கால் இரண்டையும் ஊன்றி நின்றேன். பிறகு எங்கள் ஆள் எங்கே என்று நிதானமாகத் தேடி, அவளுக்கு எறிந்தேன். அவள் அந்தக் கல்லுப் பந்தைக் கண்டு அலறி விலகினாள். நடுவரம்மாவுக்கு விசில் ஊதவே கொஞ்ச நேரம் பிடித்தது. திடல் ஓரத்தில் நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அம்மா குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. கோல் விழவில்லை, ஆனால் தடுக்கப் போன எங்கள் கோல்கீப்பர் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். மாற்று ஆள் இறக்கும் வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. இருப்பவர்களில் ஒருத்திதான் கோலில் நிற்க வேண்டும்.

தலைவி என்னைப் பார்த்தார். "பந்தைப் பிடிக்கத்தானே ஆசை? போ, போய் அவ பட்டையைக் கட்டிக்க."

தண்டனையாகத்தான் சொன்னார். நானும் அழுகையை அடக்கிக்கொண்டு, கோல்கீப்பரின், தொடை வரை மறைக்கும் தடித்த வெள்ளைக் காப்புப் பட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு நின்றேன். முதல் பந்து இடுப்புயரத்தில் வந்தது. யோசிக்க நேரமில்லை. உள்ளங்கையை விரித்து அடக்கி, கீழே விழுந்ததைக் காலால் தள்ளிவிட்டேன். கோல்கீப்பருக்கு அதற்கு அனுமதி உண்டு. அடுத்ததும் அப்படியே. வலைப்பந்தில் குதித்துக் குதித்துப் பழகிய கை, எனக்கு முன்னால் தானே போய் நின்றது. கடைசி வரை ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தது.

பதில் சொல்ல வேண்டிய நேரம் வந்ததும் நான் தொண்டையைச் செருமினேன். தலைவி முந்திக்கொண்டார். "அவ கால் சரியானாலும் இனி நீதான் கோல்ல நிக்கிறே."

"வலைப்பந்து?"

"அதை விட்டுடாதே லா. கை மந்தமாயிரும்."

இத்தனை நாளும் என்னைத் தூங்கவிடாமல் செய்த மனுஷி, தண்ணீர் கேட்பதுபோல் சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பதா அவரை அடிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் தீர்ப்பில் பாதிதான் வந்திருந்தது. மீதி, குடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. பட்டைகளை அவிழ்க்கவும் தோன்றாமல் அம்மாவிடம் போனேன்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலைத்தான் பார்த்தாள். விரலால் தட்டியும் பார்த்தாள்.

"இதைக் கட்டிட்டு நின்னா கால் ஒண்ணும் தெரியல. ஓடவும் வேணாம் போல."

"ஓட வேணாம்மா."

"இத மொதல்லயே கட்ட வேண்டியதுதானே? நான் எத்தனை நாளா அடிச்சிக்கிறேன்."

அப்பாடா என்றிருந்தது. அந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்து அழுதேன். அடி பட்டுவிட்டதென்று நினைத்து அம்மா பதறினாள். இல்லையென்று சொல்லிப் புரியவைக்க வெகு நேரமாயிற்று. வீட்டுக்கு நடக்கும்போது மட்டையை அவளே வாங்கி, குடையோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மார்க்கெட் பக்கம் திரும்பும்போது கேட்டாள்.

"அடுத்த வாரம் எது இருக்கு, இதுவா அதுவா?"

"ரெண்டும் இருக்கும்மா."

"அப்ப முன்னாடியே சொல்லு. ரெண்டு பாவாடையும் ஒரே நாள்ல காயாது."